மஞ்சள் இறங்கிய பிறகு

அடி அண்ணாமலையில் பொன்னிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மாசி மாதம். மூத்தவள் அபிநயாவைப் போல இவனும் வீட்டிலேயே பிறந்தான். மருத்துவச்சி வந்து கையைக் கழுவுவதற்குள் தலை தெரிந்துவிட்டது என்று பொன்னியின் புருஷன் தருமனுடைய அக்கா பச்சையம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். கடலைக் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த தருமன் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். பிள்ளைக்கு இனியன் என்று பெயர் வைப்பதாக அவன் எப்போதோ முடிவு பண்ணியிருந்தான்.

மறுநாள் விடிந்தபோது குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. பொன்னிக்கு என்னவோ போலிருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று புருஷனிடம் கேட்டாள். தருமன் அக்காவைப் பார்த்தான். பச்சையம்மாள் ஐந்து பெற்று ஐந்தையும் வளர்த்தவள். அவள் பெற்றதிலும் மூன்று மஞ்சளாகத்தான் பிறந்தது. காலை வெயிலில் காட்டினால் தன்னால் போய்விடும், பச்சை உடம்புக்காரி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகவேண்டாம் என்றாள். அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அவளே விடியற்காலையில் எழுந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் வெயில் பார்த்து உட்கார்ந்தாள். பொன்னி மறுபடி கேட்கவில்லை.

அடுத்த நாள் உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். குழந்தை பால் குடிக்க வாய் திறக்கவில்லை. எழுப்பினாலும் துணி மாதிரி துவண்டு தூங்கியது. சமர்த்தாகத் தூங்குகிறான் என்றார்கள். ராத்திரி தாண்டி விடிந்ததும் அழுதான். அது குழந்தை அழுகிற சத்தமாக இல்லை. மெலிந்த குரலில், தகரத்தைக் கீறுகிற மாதிரி இருந்தது. முதுகு வில்லாக வளைந்து தலை பின்பக்கமாக இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் தருமன் ஆட்டோவுக்கு ஓடினான்.

டவுனில் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் உட்காரக்கூட இல்லை, வேலூருக்கு அனுப்பினார். அங்கே குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே போட்டார்கள். மஞ்சள் இறங்கியது. உள்ளங்கால் வெளுத்தது, நெஞ்சு வெளுத்தது, கடைசியில் கண்ணும் வெளுத்தது. தருமன் திரும்பி வந்த அன்றைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான்.

குழந்தைக்கு ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லை. பாத்திரம் விழுந்தால் திடுக்கிடவில்லை. கையும் காலும் தனக்குத்தானே முறுக்கிக்கொண்டு, தளர்ந்து, மறுபடி முறுக்கின. பொன்னி அவனைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போனாள். அங்கே மணிமொழி என்ற குழந்தை டாக்டர் அவனை நெடுநேரம் பார்த்தாள். ஒரு பொம்மையை அவன் முகத்துக்கு நேரே காட்டி மெல்ல மேலே தூக்கினாள். இனியனின் கண் பக்கவாட்டில் போனது, கீழே போனது, மேலே மட்டும் போகவில்லை. காதும் கேட்கவில்லை என்றாள். இனி சரியாகாது என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“மஞ்சள்தான் போயிடுச்சேம்மா” என்றாள் பொன்னி.

“தோல்லேருந்து போயிடுச்சு. அதுக்கு முந்தி மூளைக்குள்ள எறங்கிடுச்சு.”

பொன்னியின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒத்துப்போகாத வகை என்று டாக்டர் விளக்கினாள். மூத்தவள் பிறந்ததும் பொன்னிக்கு ஓர் ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காது. பொன்னியின் ரத்தம் என்ன வகை என்று இனியன் பிறக்கும்வரை யாருமே பார்த்ததில்லை. ஒத்துக்கொள்ளாததால் பிள்ளையின் ரத்தம் உடைந்துகொண்டே இருந்தது. உடைகிற ரத்தத்திலிருந்து வருவதுதான் அந்த மஞ்சள்.

பொன்னி ஒன்று கேட்டாள். கல்யாணமான புதிதில் தருமனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்து, கீழாநெல்லி குடித்து, பத்தியம் இருந்து எழுந்தான். அவன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, இவனுக்கு மட்டும் ஏன்?

டாக்டர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உடம்பில் மற்ற இடத்து ரத்தக் குழாய்களில் சின்னச் சின்ன இடைவெளி உண்டு, ரத்தத்தில் இருப்பது கசிந்து வெளியே போகும். மூளைக்குள் ஓடுகிற குழாய்கள் அப்படியில்லை. அவற்றின் சுவர் இடைவெளியில்லாமல் நெருக்கித் தைத்த மாதிரி இருக்கும். காற்று போகும், சர்க்கரையைத் தேடிப் பிடித்து உள்ளே விடும், வேண்டாததைத் திருப்பி ரத்தத்துக்கே தள்ளிவிடும். தருமனுக்கு வந்தது தண்ணீரில் கரைகிற மஞ்சள். அது அந்தச் சுவரைத் தாண்டாது. குழந்தையின் உடம்பில் இருந்தது கொழுப்பில் கரைகிற மஞ்சள். அதை ரத்தத்தில் இருக்கிற ஒரு சத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகும். பிடித்திருக்கிற வரைக்கும் பயமில்லை. மஞ்சள் ஜாஸ்தியாகிவிட்டால் பிடிக்கச் சத்து போதாது. தனியாகத் திரிகிற மஞ்சள் அந்தச் சுவரில் ஊறி உள்ளே போய்விடும். பச்சைக் குழந்தைக்கு அதைத் திருப்பித் தள்ளுகிற தெம்பும் கம்மி.

“எப்ப உள்ள போச்சு?” என்றாள் பொன்னி.

“பால் குடிக்காம தூங்க ஆரம்பிச்சான் இல்ல, அப்பத்தான்.”

அதற்கு முதல் நாள் கொண்டுவந்திருந்தால் என்று பொன்னி கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. அடுத்த பிள்ளை வந்தால் இதைவிட மோசமாகும் என்று மட்டும் சொன்னாள். பொன்னி அந்த வருஷமே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை எல்லாருக்கும் சொன்னாள். பச்சையம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் வந்து, குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்னியை வேலைக்குப் போகச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். அவளுடைய பிள்ளைகள் ஐவரும் தலையெடுத்துவிட்டார்கள். இனியனுக்குக் கஞ்சி ஊட்டுவது பெரிய வேலை; நாக்கே வெளியே தள்ளும், பாதி கஞ்சி கழுத்தில் வழியும், புரையேறும். பச்சையம்மாள் அலுத்துக்கொண்டதே இல்லை. பொன்னி அவளிடம் உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்பதைத் தாண்டிப் பேசுவதை விட்டுவிட்டாள். பேசினால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தருமன் வேறு விதமாக ஒதுங்கினான். போர்வெல் லாரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று வடக்கே போனவன், வருஷத்துக்கு இரண்டு தரம் வந்தான். ஒருமுறை வரும்போது நாக்பூரிலிருந்து மூளைக்குச் சத்து என்று பெரிய டானிக் பாட்டில்கள் வாங்கிவந்தான். பொன்னி அவற்றை டாக்டரிடம் காட்டினாள். இது ரத்தத்தோடு சரி, மூளைக்குள் எட்டாது என்றாள் டாக்டர். முறுக்குவதைக் குறைக்க ஒரு மாத்திரை மட்டும் தொடர்ந்து கொடுக்கச் சொன்னாள். அது உள்ளே போகக்கூடியது. திரும்பி வருகிற பஸ்ஸில் பாட்டில்கள் பையில் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. கெடுக்கிறது கேட்காமல் நுழைந்துவிட்டது, காப்பாற்ற வருவதற்கு மட்டும் இத்தனை சட்டமா என்று பொன்னிக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டானிக்கைத் தருமனிடமே கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். அவன் குடித்தான்.

இனியனுக்கு நாலு வயது முடிந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். வேப்பமரத்தடியில் பாய் போட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள் பொன்னி. அபிநயா கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் ஒளிந்தாள். தேட வந்த பையன் நேரே போருக்குப் போய்ப் பிடித்துவிட்டான். அடுத்த ஆட்டத்தில் அவள் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் போனாள். அங்கேயும் பிடித்துவிட்டான். அபிநயா மூச்சிரைக்க அம்மாவிடம் ஓடிவந்தாள்.

“ம்மா, இவனைத் திருப்பிப் படுக்க வை. நான் எங்க இருக்கேனோ அங்கயே பாத்துப் பாத்து சிரிக்கறான். காட்டிக் குடுக்கறான்.”

பொன்னி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். மகனின் எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் வாய் கோணிக்கொண்டு சிரித்தது, கண் மாட்டுத் தொட்டியைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டர் அதை உறுதிப்படுத்தினாள். மஞ்சள் படிந்தது அசைவை நடத்துகிற ஆழமான இடத்திலும் காது கேட்கிற இடத்திலும்தான். யோசிக்கிற இடம் பெரும்பாலும் தப்பிவிடும். அவனுக்கு எல்லாம் புரிகிறது, வெளியே கொண்டுவரத்தான் வழியில்லை. சரியாகாது என்று கேட்ட நாளில் அழாத பொன்னி அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நாலு வருஷமாக மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இவனோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் முகத்துக்கு நேரே குனியாமல் யாரும் அவனிடம் பேசக்கூடாது என்று பொன்னி சட்டம் போட்டாள். நின்றபடி தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர்களை அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. கார்த்திகை தீபத்தன்று ஊர் முழுக்க மலையுச்சியை அண்ணாந்து பார்க்கும்போது இவனால் கண்ணைத் தூக்க முடியாது. நிமிர்த்தினால் தலை வெட்டிக்கொண்டு ஒரு பக்கம் போகும். அந்த வருஷம் எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலையணையைச் சரிவாகப் போட்டு, அவனை மல்லாத்தி, தலையை இரண்டு பக்கமும் துணி மூட்டையால் அணைத்து, உச்சி அவன் பார்வைக்கு நேரே விழுகிற மாதிரி பச்சையம்மாளும் அவளும் மாற்றி மாற்றிப் பார்த்து வைத்தார்கள். ஆறு மணிக்குத் தீபம் ஏறியது. இனியனின் கைகள் அடங்கிக் கிடந்தன. விழித்திருக்கும்போது அவை அப்படி அடங்கி அவர்கள் பார்த்ததில்லை.

பொன்னி செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். பௌர்ணமி வந்தால் கூட்டம் தாங்காது. இரண்டாயிரத்து மூன்று ஐப்பசிப் பௌர்ணமியன்று பச்சையம்மாளுக்கு ஜுரம், வரவில்லை. பொன்னி தானே கஞ்சி ஊட்டினாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. புரையேறியது, முதுகைத் தட்டினாள், அடங்கியது. இன்னும் நாலு வாய் கொடுத்து, துடைத்து, அபிநயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவனுக்கு மூச்சு இழுத்தது. நுரையீரலில் கஞ்சி போய்ச் சளி கட்டிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். பதினோரு வயது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்றைக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவசரமாக ஊட்டியதை அவரிடம் பொன்னி சொல்லவில்லை. வடக்கேயிருந்து வந்த தருமனிடமும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு பச்சையம்மாள் வந்தாள். அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பொன்னி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வெயில்ல வெக்கச் சொன்னேனே, அதனாலதான இப்படி ஆச்சு?”

இல்லை அண்ணி என்று சொல்லவேண்டும் என்றுதான் பொன்னி நினைத்தாள். வாய்வரைக்கும் வந்தது. ஆமாம் என்பதும் கூடவே வந்தது. அவள் தட்டை எடுத்துச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நாத்தனார் முன்னால் வைத்தாள். பச்சையம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, பக்கத்துத் தெருவில் ராஜா வீட்டில் குழந்தை பிறந்து மறுநாளே மஞ்சள் தட்டியது. குழந்தையைச் சாயங்கால வெயிலில் காட்டிக்கொண்டிருந்ததைப் பச்சையம்மாள் பார்த்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வயதான காலை இழுத்து இழுத்து, ரோட்டுக்கு ஓடினாள். குழந்தையின் சொந்தக்காரர்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். வேலை முடிந்து பஸ்ஸை விட்டிறங்கிய பொன்னி அதைப் பார்த்துவிட்டு, எதிரே வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். குழந்தை சில நாள் நீல விளக்கின் கீழே கிடந்து சுகமாக வீடு திரும்பியது. வெறும் மஞ்சளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாளே கிழவி என்று அந்த வீட்டில் வெகு நாள் பேசிக்கொண்டார்கள்.

பச்சையம்மாளுக்கு நடை போனபோது அவளுடைய பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். பொன்னிதான் அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அபிநயா நர்ஸ் படிப்புக்காகச் சென்னைக்குப் போயிருந்தாள். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். காலையில் குளிப்பாட்டித் தலை துவட்டி, கஞ்சியை ஆற வைத்து, அவசரப்படாமல் ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டுத்தான் பொன்னி வேலைக்குக் கிளம்புவாள். பச்சையம்மாள் இரண்டு வருஷம் அப்படி இருந்தாள். அவள் கேட்டதற்குப் பொன்னி கடைசிவரை பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.