ஒரே பெட்டிக்கு இரண்டு வாசல்

லேப்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு ஸ்டூடியோ இருட்டறையில் தட்டு கழுவப் போனவர். முதலாளி கண் அசந்த நேரங்களில் ஃபிலிம் கழுவக் கற்றார், பிறகு படம் எடுக்கக் கற்றார், கடைசியில் அந்த முதலாளியின் கடையையே விலை பேசி வாங்கினார். இன்றைக்குக் கல்யாண ஆல்பம் அடித்துக் கொடுக்கும் கலர் லேப் தெருவுக்குத் தெரு இருக்கலாம். முதலில் போர்டு மாட்டியவர் அவர். மற்றவர்கள் அவர் போட்ட ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, நடந்தது அதுதான்.

அப்படி மேலே வந்தவருக்கு ஒரு குணமும் கூடவே வந்தது. யாரையும் நம்ப மாட்டார். முதலாளி அசந்த நேரத்தில் தொழில் கற்றவர் அல்லவா, தன் கண் அசந்தால் என்னென்ன நடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கல்லாவில் மகளை உட்கார வைத்தார், அதுவும் தன் மேஜையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். அந்த மகளுக்குக் கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்தார். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் போய்விடுவான், மாப்பிள்ளை எங்கே போவார் என்பது அவர் கணக்கு.

மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். அதுவே முதல் சந்தேகம். கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில் மூன்று சர்வர் கம்ப்யூட்டர்கள் ஓடின. ஒன்று ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பும் படங்களை வாங்கும், ஒன்று பக்கம் கோர்க்கும், ஒன்று அச்சு மெஷினுக்குத் தள்ளும். மூன்றுக்கும் பொதுவாக, டிஸ்க்குகளை வரிசையாகச் செருகிய ஒரு பெட்டி. அத்தனை குடும்பங்களின் கல்யாணமும் அதற்குள்தான் கிடந்தது. பெட்டியின் கேபிள் முதல் சர்வருக்கு மட்டும்தான் போனது. மற்ற இரண்டும் அதனிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அதனிடம் கொடுத்துத்தான் வைக்க வேண்டும். அந்த முதல் சர்வருக்கு முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

லேப்காரருக்கு இது பிடிக்கவில்லை. நான் சம்பாதித்த பெட்டிக்குள் போக நான் இன்னொருவர் கையைப் பார்க்க வேண்டுமா? போதாக்குறைக்கு வாரக் கடைசியில் மாப்பிள்ளை ஒரு சின்ன டிஸ்க்கைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட்டதற்கு, "காப்பி மாமா. கடையில தீப்பிடிச்சா வெளியில ஒண்ணு இருக்கணும்ல" என்றார் மாப்பிள்ளை. தீப்பிடிக்கும் என்று வாயைத் திறந்து சொல்கிறவன் மனதில் என்ன இருக்கும்? வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டு போய்த் தனியாக லேப் வைக்கப் போகிறார் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

மாப்பிள்ளை மெஷின் உதிரிபாகம் வாங்க வெளியூர் போன சமயம் பார்த்து, கம்ப்யூட்டர்களுக்கு லைன் இழுக்கும் கேபிள்காரரை லேப்காரர் கூப்பிட்டார். மாடியில் தன் அறையில் இன்னொரு சர்வரை வைத்து, அதிலிருந்து நேரே பெட்டிக்கு ஒரு வழி போடச் சொன்னார். கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். கீழே ஒரு சர்வர் பிடித்திருக்கும்போது மேலே இன்னொன்றும் பிடிக்கலாமா, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று இழுத்தார். பெட்டி யாருடையது என்று லேப்காரர் திருப்பிக் கேட்டதும் அவர் கேபிளைப் பெட்டியின் பின்பக்கம் கண்ணில் படாமல் இழுத்து, செட்டிங்கையும் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

தன் வீட்டுக்குத் தனக்கே ஒரு பின்வாசல் கிடைத்த மாதிரி இருந்தது லேப்காரருக்கு. தன்னைத் தேடி வரும் பழைய ஸ்டூடியோக்காரர்களின் படங்களை மாடியிலிருந்தே பெட்டிக்குள் போட ஆரம்பித்தார். போட்ட படங்கள் கீழே தெரியவில்லை என்று பக்கம் கோர்க்கிறவர்கள் சொன்னார்கள். மாடியில் பளிச்சென்று தெரிகிறதே! மாப்பிள்ளைதான் மறைக்கிறார் என்று முடிவுகட்டினார். பிறகு ஒருநாள் கீழே சர்வரை நிறுத்தி மறுபடி போட்டதும் அவை தெரிந்தன. பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டார் என்று அதற்கும் ஒரு விளக்கம் அவரிடம் இருந்தது.

அப்புறம்தான் ஆல்பங்கள் சீரழிய ஆரம்பித்தன. மணப்பெண்ணின் நெற்றிவரை ஒழுங்காக இருக்கும், கண்ணுக்குக் கீழே சாம்பல் பட்டை. ஒரு மணமகனுக்குக் கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். ஒரு ஸ்டூடியோக்காரர் கல்லா முன்னால் நின்று, பெண் வீட்டார் தன்னை உரித்துத் தொங்கவிட்டதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை சாப்பாடு மறந்து டிஸ்க் டிஸ்க்காகச் சோதித்தார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கே கெடுகிறது என்று பிடிபடவில்லை என்றார். கெடுக்கிறவனே தேடினால் எப்படிப் பிடிபடும்?

லேப்காரர் மகளைத் தனியாகக் கூப்பிட்டார். உன் புருஷன் உள்ளேயிருந்து குழி பறிக்கிறார், கடையைச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் தன் கடையை நிறுத்தப் பார்க்கிறார், இனிமேல் கடைப் படி ஏற வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றார். மகள் அழவில்லை. அவருடைய மகள்தானே.

"அவர் படி இறங்கினா நானும் இறங்குவேன்ப்பா. உங்க பேரப்பிள்ளையையும் தூக்கிட்டுத்தான் போவேன். அப்புறம் கல்லாவுல யாரை உக்கார வச்சு வேவு பாப்பீங்க?"

அன்றைக்கே அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கியது தெரிந்தது. வேறு ஊரில் மாப்பிள்ளைக்கு வேலை கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் ஆதாரம் காட்டினால் மகள் தன் பக்கம் வந்துவிடுவாள் என்று லேப்காரர் நம்பினார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விடுமுறை நாள் காலையில் கடையைப் பூட்டி, பேசிப் பிரியலாம் என்று சொல்லி இருவரையும் மாடிக்கு வரவழைத்தார். கீழே ஆள் இல்லை. சர்வர்கள் மட்டும் முந்தின நாள் கொடுத்த ஆல்பப் பக்கங்களைத் தாமாகக் கோர்த்துப் பெட்டியில் சேமித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையை எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். கை இரண்டும் மேஜைமேல் தெரிய வேண்டும் என்றார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"இப்ப நான் படம் போடுறேன். உங்க கை இங்க இருக்கு. ஒண்ணும் கெடாது பாருங்க. அப்ப இத்தனை நாளா கெடுத்தது யாருன்னு உங்க பொண்டாட்டிக்கே தெரிஞ்சிடும்."

ஒரு கேமரா கார்டைச் செருகி, அதிலிருந்த படங்களைப் பெட்டிக்கு அனுப்பினார். கார்டை உருவிவிட்டு, பெட்டியிலிருந்து புதிதாக எடுக்கட்டும் என்று தன் சர்வரை ஒரு தடவை நிறுத்தி மறுபடி போட்டு, போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் படம் நன்றாக இருந்தது. அடுத்ததும் நன்றாக இருந்தது. அதற்கடுத்த படத்தில் ஒரு கிழவரின் தலை, அதற்குக் கீழே கீழ்த்தளத்தில் கோர்த்துக்கொண்டிருந்த ஆல்பத்தின் பூ வேலைக் கரை.

மாப்பிள்ளையின் கைகள் மேஜைமேல்தான் இருந்தன. லேப்காரர் அவற்றையே வெறித்துப் பார்த்தார். மாப்பிள்ளையோ திரையைப் பார்த்தார், திரையிலிருந்து சர்வரை, சர்வரிலிருந்து சுவர்த் துளை வழியாக இறங்கும் நீலக் கேபிளை.

"இது எங்க போகுது மாமா?"

லேப்காரர் கேபிள் தெரியாதபடி நாற்காலியை நகர்த்தினார்.

"நேரா பெட்டிக்கா?"

"என் பெட்டிக்கு" என்றார் லேப்காரர்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று லேப்காரர் எதிர்பார்த்தார், அவர் நிதானமாகத்தான் பேசினார். பெட்டிக்குத் தானாக எதுவும் தெரியாது, எந்த இடம் காலி, எந்த இடத்தில் படம் இருக்கிறது என்பதை அதைப் பிடித்திருக்கும் சர்வர்தான் மனதில் வைத்திருக்கும் என்றார். நேரே பிடித்த ஒவ்வொரு சர்வரும் தனக்கு மட்டுமே இந்த டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும். மாடி எழுதியது கீழே தெரியாது, காலி என்று எண்ணி அதன் தலையிலேயே எழுதிவிடும். கீழே எழுதியதை மாடியும் அப்படியே அழிக்கும்.

"ஒருத்தர் எடுத்து முடிச்ச ஃபிலிம் ரோலை, புது ரோல்னு நினைச்சு இன்னொருத்தர் கேமராவுல போட்ட மாதிரி மாமா. ரெண்டு பேருமே திருடன் இல்ல."

இது லேப்காரருக்குச் சட்டென்று விளங்கியது. அப்படிப் போட்டதற்காக ஒரு காலத்தில் எத்தனையோ பேரை வேலையைவிட்டு அனுப்பியவர் அவர். அவரே எழுந்து, மேஜைக்குப் பின்னால் குனிந்து, கேபிளைப் பிடுங்கினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. குனிந்ததால்தான் என்று மகள் பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

காப்பி டிஸ்க் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது, பெரும்பாலான படங்களை மீட்டுவிடலாம். மிச்சத்தை ஸ்டூடியோக்காரர்களிடம் திரும்பக் கேட்க வேண்டும். அதையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றார் மாப்பிள்ளை. கிளம்புவேன் என்ற சொல்லில் லேப்காரர் மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அவருடையது.

"இருக்கணும்னா என்ன செய்யணும்?"

"பெட்டிக்கு ஒரே வாசல் மாமா. உங்க ரூமுக்கும் முதல் சர்வர் வழியாத்தான் வரும். நீங்க எல்லாத்தையும் பாக்கலாம், எப்ப வேணும்னாலும். ஆனா எதையும் வைக்கவோ அழிக்கவோ முடியாது."

"பாக்க மட்டுமா?"

"பாக்க மட்டும்."

சொந்தக் கடையில், சொந்தப் பெட்டியில், தொடக்கூடாது. லேப்காரர் ஜன்னலருகே போய்க் கீழே நிற்கும் தன் போர்டைப் பார்த்தார். பிறகு திரும்பாமலேயே, சரி, அப்படியே போடுங்க என்றார். மகள் கீழே இறங்கிப் போய்க் கல்லாச் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவர் தினமும் மாடியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, படம் படமாகப் பார்க்கிறார். எல்லா முகமும் முழுசாக இருக்கிறது. ஆனாலும் கேபிள்காரரை மட்டும் கடைக்குள் விடுவதில்லை. விஷயம் தெரிந்தவன் அன்றைக்கே காலைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டாமா, தடுக்காமல் போனதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்கிறார்.