மூடி போட்ட மௌஸ்

தேநீர் குடிக்கப் போகுமுன் புஷ்பமேரி முறுக்குச் சம்படத்தின் மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டர் மௌஸின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படி இறங்குவாள். கோழிக்குஞ்சா அது என்று நான் கேட்டால், "குஞ்சுன்னா பருந்து மட்டுந்தேன் தூக்கும், அப்பத்தா. இதுல வாரவுக பூராம் கை வைப்பாக" என்பாள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்திரிகை அடிக்கும் கடை அவளுடையது. வாசலில் நான் பூ விற்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ புதுநன்மையோ, முதலில் வெறும் எழுத்தாக அடித்து வைப்பாள். "மொதல்ல பேரு, அப்பறந்தேன் சோக்கு." ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பதால், யாருக்கு யார் என்ன உறவு என்பது வாசலில் இருக்கிற எனக்கும் மனப்பாடம்.

போன வாரம் நத்தத்துத் தங்கமுத்து மகளுக்குக் காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன் இரண்டு பேர். யார் பெயர் முதலில் என்று பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக உட்கார வைத்தாள் புஷ்பமேரி. மூத்தவன் பாண்டியராஜ் முகத்தைக் கோணிக்கொண்டே சம்மதித்தான்.

மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். தங்கமுத்தும் பாண்டியராஜும் வந்து நின்றார்கள். அவள் அந்தப் பத்திரிகையைச் சொடுக்கினால், இந்தப் படத்தைத் திறக்க முடியாது என்கிறது கம்ப்யூட்டர். வேறொரு வீட்டுப் பத்திரிகையைச் சொடுக்கினாள். அதுவும் அப்படியே.

தங்கமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சா? திரும்ப மொதல்லருந்தா? ஏந் தங்கச்சி, அவிங்க மறுக்கா பேச ஒக்காந்தா காதுகுத்து நடக்காது, வெட்டுக்குத்துதேன் நடக்கும்!"

புஷ்பமேரிக்குப் பதற்றம் வந்தால் முறுக்குத் தின்பாள். ஒன்றைக் கடித்தபடி திரையை உற்றுப் பார்த்தாள்.

"எழுத்து எங்கயும் போகலண்ணே. நேத்து வரைக்கும் இதுக எல்லாம் நோட்டு மூஞ்சியோட இருந்துச்சு. இன்னைக்கு அம்புட்டும் போட்டோ மூஞ்சி. எழுத்தைக் கொண்டுபோயி போட்டோ பாக்குறதுல விட்டா எப்புடித் தொறக்கும்? நேத்துச் சாரல் அடிக்குது, முறுக்கு நமுத்துப்போகும்னு மூடிய எடுக்காம டீக்குப் போனேன். அந்தச் செத்த நேரத்துல யாரு கை வச்சது?"

பாண்டியராஜ் மின்விசிறியைப் பார்த்தான்.

"நாந்தேங்க்கா. போட்டோவுல தொறந்தா பத்திரிகை மாதிரியே கலரா தெரியும்னு நெனச்சேன். எம்பேரு எப்புடி நிக்குதுன்னு பாக்கலாம்னு. எப்பவும் இதுலயே தொறக்கவான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"ஏன் மாப்ளே, கம்ப்யூட்டரு கேட்டா ஒடனே சரிங்கிற! நாங்க கேட்டதுக்குப் பொழுது சாய வச்சியே!" என்றார் தங்கமுத்து.

புஷ்பமேரி மௌஸின் வலது பக்கத்தை அழுத்தினாள். எதில் திறக்கவேண்டும் என்ற இடத்தில் நோட்பேடைக் காட்டி, இனி எப்போதும் இதிலேயே என்று சொல்லிவிட்டாள். பத்திரிகை திறந்தது. இரண்டு தாய்மாமனும் அதே வரியில், அப்படியே இருந்தார்கள். பத்திரிகையை மூடிவிட்டுப் பார்த்தாள்; வரிசையில் கிடந்த அத்தனையும் பழைய நோட்டு முகத்துக்குத் திரும்பியிருந்தன.

அதற்குள் பாண்டியராஜ் என் பூக்கூடை வரைக்கும் நழுவிவிட்டான். அவனை இனி உள்ளே விடாதே என்றேன் நான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவள் கேட்டால்தானே? மூடியைச் சம்படத்தில் மாட்டினாள். எண்ணெய்க் கையைத் துடைத்தாள். மௌஸை மேசையின் இந்தப் பக்கமாக நகர்த்திவைத்து அவனைக் கூப்பிட்டாள்.

"வாங்க தம்பி. நீங்களே தொறந்து பாருங்க."