நின்று தைத்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை முதல்முறை பார்க்கிறவன், இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு திமிர் என்றுதான் நினைப்பான். போன இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டால் உட்கார மாட்டார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சுவரில் சாய்ந்து நிற்பார். திமிரும் இல்லை, மரியாதையும் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் அவருக்கு ஓவர்லாக் மெஷின். துணியின் ஓரம் பிரியாமல் கட்டுகிற மெஷின் அது. அடுத்த மெஷின் என்னுடையது. முதுகு சாய இடமில்லாத மர ஸ்டூலில், பாதி ஆயுசு குனிந்தே உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கண்ணில் வந்தது, அவருக்கு இடுப்பில் வந்தது. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத வேலை.

உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எழும்போதுதான் வினை. இடுப்பில் ஒரு பிடி பிடிக்கும். அது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் குதிகால் வரை சுண்டி இழுக்கும். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, பாதி எழுந்து, கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி வளைந்தே நிற்பார். கொஞ்சம் நடந்த பிறகு முதுகு நிமிரும். டாக்டரிடம் காட்டினோம். உட்கார்ந்து செய்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனுஷன். வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் அக்காவின் தோளைப் பிடித்துத்தான் எழுவார்.

"கல்யாண போட்டோவுலதான் கடைசியா என்னைத் தொட்டு நின்னீங்க. இப்ப நாள் முழுக்கத் தோளப் புடிக்கிறீங்க," என்பாள் அக்கா.

"அப்பல்லாம் தேவைப்படல."

வீட்டில் தோள் இருந்தது. கம்பெனியில் விசில் இருந்தான். லைன் சூப்பர்வைசர். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், நாக்கை மடித்து விசில் அடிப்பான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. தைத்த துணிக்கட்டு தீர்ந்தால் நாங்களே எழுந்துபோய் அடுத்த கட்டை எடுத்துவர வேண்டும். எவன் சட்டென்று எழுகிறான், எவன் மேஜையைப் பிடிக்கிறான் என்பதில்தான் விசிலின் கண். மேஜையைப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வெளியே போனார்கள். அந்த வயதில் வெளியே போனவனுக்கு இன்னொரு கம்பெனியின் கேட் திறக்காது. மாமாவுக்கு அது தெரியும்.

ஒருநாள் காலையில், மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்பே, மேஜைக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து உயர்த்தினார். ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளினார். நின்றுகொண்டே தைக்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா, ஸ்டூலோட சண்டையா?"

"உக்காந்தாத்தானே எந்திரிக்கணும், மாப்ள."

விசில் வந்தான். "என்னய்யா இது?"

"நின்னு தச்சா சுறுசுறுப்பா ஓடுது சார்."

இடுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. வலது கால் பெடலில் இருப்பதால் உடம்புப் பாரம் முழுக்க இடது கால்மேல். சாயங்காலம் அந்தக் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது, கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். ஆனால் கட்டு எடுக்க எழவேண்டிய தொல்லை இல்லை, அதனால் வேலை கூடுதலாகவே ஓடியது. விசில் அதை மேலே போய்ச் சொல்லிவிட்டான். மேனேஜர் இறங்கிவந்து, புது மெஷினைப் பார்ப்பதுபோல மாமாவைச் சுற்றிவந்து பார்த்தார். செல்போனில் போட்டோ எடுத்தார். மாமா வலியை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"தப்பிச்சோம், மாப்ள," என்றார் அன்றைக்கு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் உள்ளே போனால், லைனில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. எல்லா மேஜையும் இரும்புக் கால் முளைத்து உயர்ந்திருந்தது. ஸ்டூல்களெல்லாம் பின்பக்கத்தில் குவியலாக மழையில் நனைந்துகொண்டிருந்தன. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாமாவின் போட்டோவைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள்.

காலர் வைக்கிற பெண் ஒருத்தி, எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவள். வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழக்கமில்லை. நேராக மாமாவிடம் வந்தாள்.

"போட்டோ நல்லா விழுந்திருக்குண்ணே. எங்க ஸ்டூலத்தான் காணோம்."

"நான் என்னம்மா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னீங்க."

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் மாமா பக்கத்தில் என்னைத் தவிர யாரும் வரவில்லை. அவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார்.

கால் கடுத்துப்போய், கடைசியில் காலர்க்காரி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டூல் கேட்க மேனேஜர் அறைக்குப் போனாள். "வயசுல பெரியவர் அவரே நிக்கிறார், உங்களுக்கு என்ன கேடு?" என்று அவர்களைக் கேட்ட மேனேஜர், மாமாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நானும் கூடவே போனேன். வாசலில் அவள் மறித்தாள்.

"அண்ணே, உள்ளதச் சொல்லுங்க. உங்களால எந்திரிக்க முடியாதுன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். நாங்க யாரும் காட்டிக் குடுக்கல."

மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு அக்கா வீட்டு அடுப்பு எரிய வேண்டும், எவளுடைய ஸ்டூலும் எனக்குப் பெரிதில்லை.

அவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டார்.

"எனக்கு நிக்கப் புடிச்சு நிக்கல சார். உக்காந்தா எந்திரிக்க முடியல. அத மறைக்கத்தான் நின்னேன். என்னைப் பாத்து அவங்க ஸ்டூல எடுத்துட்டீங்க. குடுத்துடுங்க."

மேனேஜர் கோபப்படவில்லை. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க."

உட்கார்ந்தார். மேனேஜர் போனை எடுத்து யாரிடமோ சாவகாசமாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "இப்ப எந்திரிங்க," என்றார்.

மாமா மேஜை விளிம்பைப் பிடித்தார். பாதி எழுந்தார். அத்தோடு நின்றுவிட்டது. முகம் வேர்த்தது. மேஜைமேல் இருந்த டம்ளர் ஆடித் தண்ணீர் சிந்தியது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர், அந்தப் பெண்களைப் பார்த்து. "வருஷக்கணக்கா உக்காந்து தச்சதோட லட்சணம் இது. இந்த கதி உங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் ஸ்டூல எடுத்தோம்." பிறகு மாமாவிடம், "நீங்க வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க பெரியவரே. நாளையிலிருந்து வரவேண்டாம்," என்றார். அதையும் இதமாகத்தான் சொன்னார்.

காலர்க்காரிதான் தோள் கொடுத்து அவரை நிமிர்த்தி வெளியே கூட்டிவந்தாள்.

அக்கா இப்போது இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மாமா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழச்சொல்லி விசில் அடிக்க ஆளில்லை. கம்பெனிச் சுவரில் மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறார். நான் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன், நின்று தைக்க.

போன வாரம் வேலை விட்டதும் காலர்க்காரி என்னோடு அவரைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருக்கட்டும்க்கா," என்று சுவரில் சாய்ந்தாள் அவள்.

"நாள் பூரா நின்னுட்டுத்தானே வர்ற. உக்காரும்மா," என்றார் மாமா.

"வேணாம்ணே. இப்பல்லாம் உக்காந்தா எந்திரிக்கத்தான் முடியல."

மாமா அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் தோளைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, அவரும் சுவரோரம் போய் நின்றார். இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தார்கள்.