பூ வாங்கப் போன மாமா

கோர்ட்டில் என் அத்தை சொல்ல வேண்டியிருந்தது மொத்தமே இரண்டு வரி. "அடிச்சி வெளிய தள்ளிட்டாருங்க. திரும்பிப் போவ பயமா இருக்குதுங்க." வக்கீல் வாயால் சொல்லிக் கொடுத்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் வேர்க்கடலை உரிக்கும்போதும் அத்தை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வாய்ப்பாடே நிற்காத என் மண்டையில் அந்த இரண்டு வரியும் சிக்கென்று ஒட்டிக்கொண்டன.

அத்தை என் நைனாவின் தங்கை. அடி அண்ணாமலையில் பிறந்தவளைச் செங்கம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை என்று மாமா ஒருநாள் அவளை அடித்து, கட்டிய புடவையோடு அனுப்பிவிட்டார். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கொல்லையில் விளைவது எங்களுக்கே கம்மி. அது தெரிந்து அத்தை தன் தட்டில் சோற்றைக் கம்மியாகவே போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நைனா ஜீவனாம்சம் கேட்டுத் திருவண்ணாமலைக் கோர்ட்டுக்குப் போனார். ஊர் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த காலம் அது.

வக்கீல் எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்திருந்தார். புருஷனுக்கு என்ன வருமானம், பெண்சாதிக்கு வேறு பிழைப்பு உண்டா என்று ஜட்ஜ் பார்ப்பாராம். அதோடு அவள் ஏன் பிரிந்திருக்கிறாள் என்றும் பார்ப்பாராம். "வரச் சொல்லுங்க, நான் வெச்சிக் காப்பாத்தறேன்னுதான் அவன் சொல்லுவான். பணம் குடுக்காம தப்பிக்க எல்லாரும் சொல்றதுதான் அது. காரணம் இல்லாம நீ போகமாட்டேன்னா ஒண்ணும் கெடைக்காது. அதனால காரணத்த சொல்லிடும்மா" என்றார். பழைய புடவையில் வரச் சொன்னார்.

அத்தை எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருந்துவிட்ட கல்யாணப் பட்டில் கிளம்பினாள். நைனா வாசலிலேயே கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பட்டுப் புடவைக்காரியின் விரலைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குள் நடக்க எனக்குக் குஷி தாங்கவில்லை.

கோர்ட்டில் மாமா, வக்கீல் சொன்ன அதே வார்த்தைகளைப் பாடம் படித்த மாதிரி சொன்னார். ஜட்ஜ் அத்தையைப் பார்த்து, "உன் புருஷன் கூப்பிடறாரே, போறியாம்மா?" என்று கேட்டார். நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்த இரண்டு வரியையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை மாமாவைப் பார்த்தாள்.

"போறேங்க" என்றாள்.

கேஸ் அத்தோடு முடிந்தது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நைனா அத்தையின் துணிமணிகளை மூட்டை கட்டி எடுத்துவர சைக்கிளில் ஊருக்குப் போனார். அதுவரை நானும் அத்தையும் மாமாவோடு பஸ் ஸ்டாண்டில் இருப்பதாக ஏற்பாடு.

மாமா எனக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார். அத்தையின் கொண்டையைப் பார்த்து, "இன்னாடி, பட்டு கட்டிகினு பூ வெக்காம வந்துகிற? இரு, வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

செங்கம் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. பூக்காரி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, பூ தோ இங்கியே விக்குதே?"

"கம்முனு இரு. இன்னிக்கி கிருத்திகை. நல்ல பூவா தேடிப் போயிருப்பாரு."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது நைனா மூட்டையோடு வந்து, "எங்க அவரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள், "நான்தான் வரலேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

வீடு வருவதற்குள் நான் நைனாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் மறுபடியும் கேஸ் போட்டார். பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும், ஜெயித்துவிடலாம் என்று வக்கீல் அத்தையிடம் கெஞ்சாத குறை.

அன்றைக்கும் மாமா வந்தார். "கூப்பிட்டேங்க, அவதான் வரல" என்றார். ஜட்ஜ் அத்தையிடம் நிஜமா என்று கேட்டார். இந்த முறை பழைய புடவையில் வந்திருந்த அத்தை நிமிர்ந்து நின்றாள்.

"ஆமாங்க. நான்தான் போவல. எனக்கு அவரப் புடிக்கல."

"அடிச்சாரா? பயப்படாம சொல்லும்மா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

மனு தள்ளுபடி ஆனது. மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

எனக்கு அத்தையின் மேல் அப்படி ஒரு கோபம். ஜட்ஜுக்கு எதிரிலேயே பொய் சொல்லி, வரவேண்டியதையும் கெடுத்துக்கொண்ட அசடு என்று நினைத்தேன். அப்புறம் வருஷக்கணக்கில் அவள் அயலார் கொல்லையில் களை வெட்டிக் கை காய்த்துப்போய் வரும்போதெல்லாம் அதையேதான் நினைத்தேன். புருஷன் விட்டுவிட்டானா என்று யாராவது கேட்டால், "நான்தான் வாணாம்னு வந்துட்டேன்" என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு வரியையும் தலைகீழாக ஒப்பித்த எனக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளே சொன்ன வரி அந்த "நான்தான் போவல" ஒன்றுதான் என்பது அப்போது உறைக்கவே இல்லை.