தொட்டுக் கும்பிட்டதற்கு ஊளை

என்னைப் பார்த்து ஊளையிடுவதற்கென்றே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச காலம் அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன். இப்போது அதைச் சொல்லத் தொடங்கினாலே காது சூடாகிறது.

நான் டார்ட்ஸ் ஆடுகிறவள். சுவரில் ஒரு வட்டப் பலகை, கையில் மூன்று சின்ன அம்புகள், நாலு தப்படி தள்ளித் தரையில் ஒரு கோடு. அவ்வளவுதான் ஆட்டம். சென்னையில் இருந்தவரை இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கணவரின் வேலைக்காக அமெரிக்காவில் டெக்சஸின் ரவுண்ட் ராக் வந்து, டிபெண்டன்ட் விசாவில் வேலைக்குப் போகவும் முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய டீம் அவுட்டிங்கில் ஒரு பாரின் மூலையில் அந்தப் பலகையைக் கண்டேன். எல்லோரும் பீரும் கையுமாக நின்றார்கள். இஞ்சி சோடாவை எவ்வளவு நேரம்தான் உறிஞ்சுவது என்று நானும் போய் எறிந்தேன். எறிந்ததெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. மறுவாரமே கணவர் கராஜில் ஒரு போர்டு மாட்டிக் கொடுத்தார். "சும்மா உக்காந்து என்னைத் திட்டறதுக்கு இதுல எறி" என்றார். இரண்டையும் செய்தேன்.

கிரீன் கார்டு வந்ததும் நான் வேலைக்கு அப்ளை பண்ணுவேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தேன். புரொஃபஷனல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஹோட்டல்களில் கல்யாண ஹால் மாதிரி இருக்கும் கூடங்கள், கார்ப்பெட்டில் ஊறிப்போன பீர் வாசனை, ஃப்ரீவேயில் மணிக்கணக்காக டிரைவ். நான் நன்றாக ஆடுவேன். மிக நன்றாக ஆட மாட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் டெக்சஸிலேயே தடுக்கி விழுந்தால் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வருவதில்லை.

முதல் ஊளை ஹூஸ்டனில். என்னை எதிர்த்து ஆடியவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். முழங்கையில் பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு எறிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கூடமே அவர் பக்கம். கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு எறிதான் பாக்கி, அது மயிரிழையில் தப்பியது. அடுத்து என் முறை. முதல் டார்ட் பலகையின் கட்டங்களைப் பிரிக்கும் கம்பியில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது. இரண்டாவது சரியான இடத்தில் குத்திக்கொண்டது. ஜெயித்துவிட்டேன்.

பலகையில் இருந்ததை எடுக்கப் போகும்போது கீழே விழுந்ததைக் கவனிக்காமல் மிதித்துவிட்டேன். அப்புறம் நடந்ததில் என் யோசனை எதுவும் இல்லை. நம் வீடுகளில் புத்தகத்தில் கால் பட்டால் என்ன செய்வோமோ அதைத்தான் கை செய்தது. குனிந்து எடுத்தது, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது. தோற்று நிற்கும் மனிதருக்கு முன்னால் நின்றுகொண்டு, ஜெயித்துக் கொடுத்த ஆயுதத்தை இவள் கொஞ்சுகிறாள் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. ஊவென்று ஊளை கிளம்பியது. எனக்காகத்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்காமல் கை கொடுத்தார். கால் பட்டுவிட்டது, அதற்காகத்தான் என்று அவரிடம் சொல்லப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. காரில் ஏறியதும் அழுதேன்.

அடுத்த வாரம் போட்டிகளை நடத்துகிறவர் போன் செய்தார். மேடையில் ஒரு நிமிடம் விளக்கிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பதறிப்போனார். ஒரு வார்த்தை பேசிவிடாதே, திட்டுவதற்கு இவ்வளவு பிடித்த ஆள் சும்மா கிடைக்க மாட்டாள், அதை அப்படியே வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொண்டேன். சான் ஹோசேவிலிருந்து கூப்பிட்டார்கள், நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறும்போதே முன்வரிசையில் நாலு பேர் கைகளைக் கண்ணுக்குக் கொண்டுபோய்க் கேலி செய்துகொண்டு காத்திருந்தார்கள்.

ஆனால் டார்ட் தினம் தினம் கீழே விழாது. விழாத நாட்களில் கூட்டம் ஏமாந்துபோவது எனக்குத் தெரிந்தது. அதனால் விழ வைத்தேன். பலகையிலிருந்து பிடுங்கும்போது ஒன்றை விரலிடுக்கிலிருந்து நழுவ விடுவேன். தெரியாமல் படுவதுபோல் ஷூவின் நுனியை அதன்மேல் வைப்பேன். அப்புறம் குனிந்து எடுத்து, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி நிதானமாக, முதலில் வலது கண், பிறகு இடது கண். மன்னிப்புக் கேட்பதற்காகவே மிதித்தேன். இதை எழுதும்போதும் என்னால் நேராக உட்கார முடியவில்லை. சின்ன வயதில் கணக்கு நோட்டைத் தாண்டியதற்காக அம்மாவிடம் குட்டு வாங்கியவள் நான். தாண்டியது தெரியாமல்தான் என்று அன்று எவ்வளவு வாதாடினேன்.

ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு வரும் பொங்கல் பாட்லக்கில் ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீடியோ அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியிருக்கிறது.

"அத்தனை பேர் கத்தறான், நீ பாட்டுக்கு நம்ம பழக்கத்த விடாம பண்றியேம்மா. என் பசங்களுக்கு அதத்தான் காட்டினேன். பாத்து கத்துக்கோங்கடான்னேன்."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் புகழ்ந்தார். வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று இன்னொரு வடையை எடுத்துக் கடித்தேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்குத் தெரிந்த சில குடும்பங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். சாமி படத்துக்கு முன்னால் லேப்டாப்கள், கார் சாவிகள், மகளின் பாடப் புத்தகங்கள், என் டார்ட்ஸ் பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பூஜை முடிந்து சுண்டல் கிண்ணத்தோடு ஓடி வந்த என் மகளின் கால் புத்தக அடுக்கில் இடித்தது. அவளுக்குப் பதினோரு வயது. பக்கத்தில் இருந்த ஒரு ஆன்ட்டி, "தொட்டுக் கும்பிடு கண்ணா" என்றார்.

கும்பிட்டாள். நான் கும்பிடுகிறமாதிரியே கும்பிட்டாள். மேலே இருந்த கணக்குப் புத்தகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, வலது கண்ணில் மெதுவாக, இடது கண்ணில் இன்னும் மெதுவாக. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தானே ஊவென்று ஊளையிட்டுக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு அங்கிள் கைதட்டினார். நானும் சிரித்தேன், அதுதான் கேவலம். அவ்வளவு அச்சாகச் செய்திருந்தாள். என் கணவர் மட்டும் குங்குமக் கிண்ணத்தை மூடிக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் கிளம்பியதும் டிஷ்வாஷரில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவர் சொன்னார்.

"இனிமே அத பண்ணாத."

"அது இல்லேன்னா என்னை யாருங்க கூப்பிடுவா?"

"கூப்பிடலேன்னா கராஜ்ல ஆடு."

"உங்களுக்கென்ன, ஈசியா சொல்லிட்டீங்க."

"அவ அத ஜோக்குன்னு நெனச்சிட்டிருக்கா. நாம உருப்படியா சொல்லிக்குடுத்ததே நாலு விஷயம்தான். அதுல ஒண்ணு போச்சு."

அவர் சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், அடுத்து வரும் டாலஸ் போட்டியில் அதைச் செய்யப் போவதில்லை என்று அவரிடம் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கூப்பிடாவிட்டால் போகட்டும் என்று உண்மையாகவே முடிவு செய்திருந்தேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்பாள். இத்தனை நாள் வேண்டுமென்றே மிதித்தேன் என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

டாலஸில் காப்பெல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் போட்டி. மகள் நேரில் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவோடு முன்வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒழுங்காக ஆடினேன். ஒவ்வொரு டார்ட்டையும் பலகையிலிருந்து பத்திரமாகப் பிடுங்கினேன், எதையும் நழுவ விடவில்லை. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் முனகினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பீர் வாங்கப் போனார்கள். போட்டி நடத்துகிறவர் சுவரோரம் நின்று என்னையே பார்த்தார். மகள் காலியாகும் நாற்காலிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதி என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். ஒரு டார்ட் கம்பியில் பட்டுத் தெறித்தது. எடுக்கப் போகும்போது நிஜமாகவே, தெரியாமலே, அதை மிதித்துவிட்டேன்.

கூடம் அமைதியானது. என் கை பாதி எழுந்தது. ஹூஸ்டனில் எழுந்த மாதிரியே தானாக எழுந்தது. அதை அடக்கிக் கீழே இறக்கினேன். டார்ட்டை எடுத்துக்கொண்டு, கண்ணில் ஒற்றாமல், கோட்டை நோக்கித் திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கால் பட்ட ஒன்றைக் கும்பிடாமல் போகிறேன் என்று உறுத்தியது. இருக்கட்டும், இவர்களுக்கு முன்னால் வேண்டாம், தனியாக இருக்கும்போது கும்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு மெல்லிய குரல், ஊ என்றது.

என் மகள். நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. புருவத்தை உயர்த்தி, தன் இரண்டு கண்களையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மழலையர் பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்கு நடன அடி மறந்துபோனபோது, மேடைக்குக் கீழே நின்று நான் அவளுக்கு எப்படிக் காட்டினேனோ அப்படி. என் கணவர் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு இன்னும் உரக்க ஊளையிட்டாள். பின்னால் ஒருவர் சேர்ந்துகொண்டார். பிறகு ஒரு வரிசை. பிறகு மொத்தக் கூடமும்.

இவ்வளவுக்குப் பிறகு நான் அப்படியே நடந்து போயிருந்தால் அவள் அந்த நாற்காலிமேல் தனியாக நின்றிருப்பாள். டார்ட்டைத் தூக்கினேன். வலது கண், இடது கண். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம்.

ஆட்டம் முடிந்ததும் மூச்சிரைக்க ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எப்போதும்போல ஆங்கிலத்தில்தான் பேசினாள். அம்மா, நீ மறந்தே போய்விட்டாய், எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், நான்தான் ஆரம்பித்து வைத்தேன், பார்த்தாயா என்றாள்.

"பாத்தேன் கண்ணா. தேங்க்ஸ்" என்றேன்.

அடுத்த தடவையும் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளட்டுமா, நீ மறந்தால் ஞாபகப்படுத்துகிறேன் என்று கேட்டாள்.

அவள் அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.