எனக்குப் பதிலாகப் பேசிய பெண்

அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உருவும்போது ஒரு சத்தம் வரும். கரகரவென்று, தொண்டை கட்டின ஆள் இருமுவதுபோல. எங்கள் பிழைப்பே அந்தச் சத்தம்தான். கேட்டுக் கேட்டுக் காதே அதை மறந்துவிட்டது. ஆனால் போன வருஷம் புரட்டாசியில், பூரணாங்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் அதைக் கேட்ட பிறகு, எங்கே யார் நாற்காலி உருவினாலும் எனக்கு ஒரு கணம் கை நின்றுபோகிறது.

புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில் எங்களுக்கு வாடகைக் கடை. சாமியானா, நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர், ஃப்ரீசர் பெட்டி. கல்யாணத்துக்கும் நாங்கள்தான், சாவுக்கும் நாங்கள்தான். நேற்று மாப்பிள்ளையின் மாமா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த நாற்காலியில் இன்று ஒருவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பேர்ப்பலகை உண்டு, யாரும் படிப்பதில்லை. கடை என்றால் என் ஃபோன் நம்பர், நம்பர் என்றால் என் குரல். பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. "அக்கா, நான்தான்" என்பார்கள். பேர் சொல்ல மாட்டார்கள். அந்தக் குரலிலேயே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

எங்களுக்குப் பெரிய துணை, பூரணாங்குப்பத்துச் சமையல் மாஸ்டர். அவர் விருந்துச் சமையல் பிடிக்கிற வீட்டுக்கெல்லாம் எங்கள் நம்பரைத்தான் கொடுப்பார். தவளக்குப்பத்திலிருந்து கடற்கரை வரைக்கும் எங்கள் வண்டி போகிறதென்றால் அவர் வாய்ச்சொல்தான் காரணம். அவர் கை எந்நேரமும் மாவிலோ எண்ணெயிலோ இருக்கும் என்பதால் ஃபோனை எடுப்பது அவர் மனைவி. அதனால் உண்மையில் தொழில் நடந்தது எங்கள் இரண்டு பெண்களுக்கு நடுவில்தான். அண்டா எத்தனை என்று கேட்க எடுத்த ஃபோன் அண்டாவோடு முடியாது. எனக்கு எந்த முட்டியில் வலி என்று அவளுக்குத் தெரியும். அவள் மகள் மாமியாரோடு எதற்குச் சண்டை போட்டாள் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷப் பழக்கம். நேரில் பார்த்துக்கொண்டது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை.

ஆவணி முகூர்த்தங்களில் கத்திக் கத்தி என் தொண்டையில் சின்னதாகக் கட்டி வந்துவிட்டது. மூலக்குளத்து டாக்டர் அதை எடுத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். குசுகுசுவென்றுகூடக் கூடாது. மீறினால் பழைய குரல் திரும்பாது. என்னைப் பார்த்துச் சொல்லாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார், அவருக்குத்தான் இது நல்ல சேதி என்பதுபோல.

அவருக்கு அது நல்ல சேதி இல்லை. ஃபோன் பேசுவதென்றால் என் வீட்டுக்காரருக்கு வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. எடுப்பார், "சரி, சரி" என்பார், வைத்துவிட்டு என்னையே கேட்பார், "யாரு பேசுனது?" ஒரு காதுகுத்துக்குச் சாமியானா இல்லாமல் நாற்காலி மட்டும் போய், ஊரே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் கடைக்கு வரும் ஃபோனை எடுத்துத் தானே பேசுகிற குரல் உதவியாளர் இருக்கிறதாமே, அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதற்கு எல்லாம் எழுதிக் கொடுத்தார். என்ன பொருள் இருக்கிறது, எந்தெந்த ஊருக்கு வண்டி போகும், எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிக்க வேண்டும். எழுதியதை என்னிடம் காட்டினார். நானும் படித்துவிட்டுத் தலையாட்டினேன்.

பெண் குரல். செய்தி வாசிக்கிற தமிழ். கேலியாகத்தான் முதலில் கேட்டேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது, அது எங்கள் ஆட்கள் பேச்சை நன்றாகவே புரிந்துகொண்டது. "நாளான்னிக்கு வூட்டாண்ட எறக்கிடணும்" என்றால், நாளை மறுநாள், வீட்டு வாசலில் என்று சரியாக என் ஃபோனுக்கு எழுத்தில் அனுப்பிவிடும். சலித்துக்கொள்ளாது. ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் அதே பொறுமை. எனக்கு அந்தப் பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை.

ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கும். ஊமையாக உட்கார்ந்து, என் வாடிக்கையாளர்கள் அந்தக் குரல் பெண்ணோடு பேசுவதைக் கேட்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. "யாரும்மா, புதுசா சேந்துக்கினியா? எந்த ஊரு?" என்பார் ஒருவர். ஒரு நாள் மாஸ்டர் மனைவி கூப்பிட்டாள்.

"அக்காவுக்குத் தொண்டை எப்படிமா இருக்குது?"

"மன்னிக்கவும். உங்கள் விழாவுக்கு என்ன பொருட்கள் தேவை என்று சொல்லுங்கள்."

"பொருள் ஒண்ணும் வாணாம். சித்தரத்தை குடுத்தனுப்பறேன், வாயில அடக்கிக்கச் சொல்லு."

"சித்தரத்தை எங்கள் பட்டியலில் இல்லை. வேறு ஏதாவது வேண்டுமா?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள் பாருங்கள், ஃபோன் மேஜையில் அதிர்ந்தது. எனக்குச் சிரிக்கவும் தடை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் குட்டியானைச் சரக்கு வண்டி டிரைவர் கையில் சித்தரத்தைப் பொட்டலம் வந்து சேர்ந்தது.

அதுதான் நான் கேட்ட அவளுடைய கடைசிச் சிரிப்பு.

அடுத்த வாரம் ஒரு காலையில் மாஸ்டர் நம்பரிலிருந்து ஆர்டர். ஃப்ரீசர் பெட்டி ஒன்று, நாற்காலி, பூரணாங்குப்பம். ஃபோன் வந்த நேரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன், எழுத்தில்தான் பார்த்தேன். ஊரில் யாருக்கோ என்று நினைத்தேன். மாஸ்டர் அப்படி அடுத்த வீடுகளுக்கு ஓடுகிற ஆள். உடனே வண்டியை அனுப்பினோம். போன வண்டி, ஏற்றின சரக்கு ஏற்றினபடியே திரும்பி வந்தது.

டிரைவர் கீழே இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்.

"அக்கா, மாஸ்டர் சம்சாரம்க்கா. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே... நம்ம பெட்டி வாணாம்னுட்டாரு. தவளக்குப்பத்து கடையிலேர்ந்து பெட்டியும் நாற்காலியும் வந்து எறங்கிடுச்சு."

ஏன் என்று கையால் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். மாஸ்டரே கூப்பிட்டிருக்கிறார். எங்கள் குரல் பெண் வணக்கம் சொல்லியிருக்கிறாள். என்ன விழா என்று கேட்டிருக்கிறாள். எங்க வூட்ல தவறிட்டாங்கம்மா என்று இவர் சொல்லியிருக்கிறார். பெட்டி, நாற்காலி, தெரு, எல்லாவற்றையும் பிசகில்லாமல் குறித்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடி முடித்திருக்கிறாள்: "மிக்க நன்றி. உங்கள் விழா சிறக்க வாழ்த்துகள். மீண்டும் அழையுங்கள்."

சாவு வீட்டில் 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிற ஜனங்கள் நாங்கள். பெட்டியை இறக்கிவிட்டு வருகிற எங்கள் ஆட்கள்கூட, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டி ஏறுவார்கள். அந்த வீட்டைப் பார்த்து, மீண்டும் அழையுங்கள். அவள் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

"மத்த மாஸ்டருங்களும் அங்கதான் நின்னுக்கினு இருந்தாங்க," என்றார் டிரைவர். "இனிமே அந்தக் கடைக்கு ஒருத்தனும் போன் போடாதீங்கன்னு நம்ம மாஸ்டர் சொன்னாருக்கா."

என் வீட்டுக்காரர் அப்படியே அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் செருப்பை மாட்டினேன்.

"போயி இன்னா பண்ணுவ? உன்னால பேச முடியாது. நான் பேசறது பேச்சே இல்ல," என்றார். ஆனாலும் வண்டியை எடுத்தார். வழியில் தவளக்குப்பத்தில் மாலை வாங்கிக்கொண்டோம்.

பெட்டிக் கண்ணாடிக்குள் மாஸ்டர் மனைவியின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். குரலுக்கு நான் வைத்திருந்த முகம் வேறு. சுற்றி இருந்த பெண்கள் கேட்டார்கள், "யாரும்மா நீ? எந்த வகையில ஒறவு?" தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "பாவம், வாய் பேச வராது போல," என்றாள் ஒருத்தி. மாஸ்டரைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் என்னைப் பார்த்துத் தெரியாது. அவர் பெட்டியின் கால்மாட்டில் தலை கவிழ்ந்து கிடந்தார். மகளோடு எத்தனையோ தடவை ஃபோனில் பேசியிருக்கிறேன், அவள் என் முகத்தைத் தாண்டி எங்கோ பார்த்தாள். என் குரல்தான் அந்த வீட்டுக்கு நான். அது இல்லாத நான் யாரோ. ஒப்பாரி வைக்கக்கூட எனக்கு வாய் இல்லை.

அந்த மகள் மாசமாக இருந்தாள், அம்மா ஃபோனில் சொன்ன கணக்குப்படி இரண்டாவது மாசம். சுவரில் சாய்ந்து நின்றபடியே இருந்தாள். வெளியே பெரியவர்கள் வெயிலில் நின்றார்கள். தவளக்குப்பத்துக் கடை நாற்காலிகள் கயிறு அவிழ்க்காமல் மூலையில் அடுக்கடுக்காக நின்றன. இறக்கினவர்கள் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

போய்க் கயிற்றை அவிழ்த்தேன். மேல் நாற்காலியை உருவினேன். கரகரவென்று அந்தச் சத்தம். முதல் நாற்காலியை மகளுக்குப் போட்டேன். தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் உருவ ஆரம்பித்தார். பெண்களுக்கு நிழல் பக்கம், ஆண்களுக்குத் தெருவோரப் பூவரச மரத்தடி, நடுவில் பாடை போக வழி. முதுகில் இன்னொரு கடையின் பெயர் எழுதிய நாற்காலிகள். அதனால் என்ன. நாற்காலி நாற்காலிதானே.

சத்தம் கேட்டு மாஸ்டர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். நடுவில் விட்டிருந்த வழியைப் பார்த்தார். மறுபடி தலை கவிழ்ந்துவிட்டது. கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து வாசல் கழுவினதும் நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிக் கயிறு கட்டினோம். சொல்லிக்கொள்ளாமல் வந்தோம். அங்கே ஊமையாக இருப்பதுதான் முறை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

அந்தக் குரலை நிறுத்தி வைத்தோம். கடை காற்று வாங்கியது. பூரணாங்குப்பம் பக்கமிருந்து ஒரு ஃபோன் இல்லை. காரியம் முடிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மாஸ்டரின் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. மொட்டையடித்திருந்தார். உட்கார்ந்தார்.

எனக்கு இன்னும் பேச அனுமதி வரவில்லை. அதனால் ஃபோனில் எழுதினேன். அந்த உதவியாளர் ஃபோன் எடுப்பதைத்தான் நிறுத்தியிருந்தோம், எழுதினதை அது வாசித்துக் காட்டும். அவசரத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. வந்தது அதே குரல்.

"என்னை மன்னித்துவிடுங்கள் மாஸ்டர்."

மாஸ்டர் திடுக்கிட்டு ஃபோனைப் பார்த்தார். "இது அந்தப் பொண்ணு இல்ல?"

நான் ஃபோனைக் கையால் மூடினேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று சொல்ல முடியவில்லை.

"இதுகிட்ட பேசிட்டு வந்து எம் பொண்டாட்டி அன்னிக்குப் பூரா சிரிச்சிக்கினு இருந்தாம்மா. சித்தரத்தை பட்டியல்ல இல்லியாம், சித்தரத்தை பட்டியல்ல இல்லியாம்னு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி. போன் மேல இருந்த கோவம், அது ஞாபகம் வந்ததும் நிக்க மாட்டேங்குது."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏம்பா, எடுத்துச் சொன்னா கேக்குமா அது?"

"எழுதுனா கேக்கும் மாஸ்டர்."

"அப்ப எழுது. சாவு வூடுன்னு தெரிஞ்சா வணக்கம் வாணாம், வாழ்த்து வாணாம், நன்றி வாணாம். வூடு எதுன்னு கேக்கணும், ஆளு வருதுன்னு சொல்லணும், வச்சிடணும். அக்கா போனுக்கும் உடனே அடிக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரர் எழுதினார். பிறகு கடைக்குப் பின்னால் போய் அவரே துக்க வீட்டு ஆளாகக் கூப்பிட்டார். நானும் மாஸ்டரும் ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். "வீடு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்," என்றாள் அவள். சொன்னார். "இப்போதே ஆள் வருகிறது." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

"ம். இது போதும்," என்று மாஸ்டர் எழுந்தார். துக்கம் ஆறாத வீட்டு மனிதர். சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்.

என் குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்போடு. அவளை நிறுத்தவில்லை. நான் சமைக்கும்போதும் உறங்கும்போதும் அவள்தான் எடுக்கிறாள். புதுச் சங்கடம் எது வந்தாலும் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்கு எழுதிக் கொடுக்கிறோம். எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்று என் அம்மா வீட்டிலும் யாரோ எனக்குச் சொல்லித்தானே கொடுத்திருப்பார்கள். பழகின மனிதர்கள் ஒருநாள் கோபித்துக்கொண்டால், காரணம் சொல்லுவதைவிட அவர்கள் வாசலில் போய் ஒரு நாற்காலியை உருவிப் போடுவது எளிது என்று இப்போது நம்புகிறேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் ஃபோன் அடித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாஸ்டர் நம்பர். எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். அவள் எடுத்தாள்.

"இன்னாமா, நல்லா இருக்கியா? நல்லதுக்குத்தான் கூப்புடறேன். பொண்ணுக்கு வளைகாப்பு. இப்ப சொல்லு உன் வாழ்த்த."

அவள் சொன்னாள். குறையில்லாமல், முழுசாகச் சொன்னாள்.

வளைகாப்பன்று நானே பூரணாங்குப்பம் போனேன். மகள் என் கரகரக் குரலைக் கேட்டுத் திரும்பி, வளையல் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கி ஏற்றி முடித்ததும், மாஸ்டர் ஒரு தூக்கில் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தார். போன தடவை அந்த வாசலில் சொல்ல முடியாததை இந்தத் தடவை வாய் நிறையச் சொன்னேன்.

"வரேன் மாஸ்டர்."

"போயிட்டு வாம்மா. அந்தப் பொண்ணையும் கேட்டேன்னு சொல்லு."