மர்சூக் பாஸும் சிவப்பு எம்.ஜி.யின் பின்பக்கமும்

மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் பெரிய ரோட்டோரம் கராஜ் வைத்திருந்த மர்சூக் பாஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு வண்டியின் நோயைக் கண்டுபிடித்துவிட்டால், அதை வண்டிக்காரனுக்குச் சொல்வதற்கு முன்பே தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிடுவார். ஆள் வெறும் எலும்பு. சாரத்தை இறுக்கிக் கட்டாவிட்டால் இடுப்பில் நிற்காது. அந்த ஒல்லி உடம்புதான் அவருடைய தொழில் கருவி. பின்பக்கத்தில் சத்தம் என்று எந்தக் கார் வந்தாலும் டிக்கியைத் திறந்து உள்ளே சுருண்டு படுத்து, தகட்டில் காதை ஒட்டிக்கொண்டு, "ம், இப்ப ஓட்டுங்க" என்பார். மாத்தளை பஸாரில் ஒரு காரின் டிக்கிக்கு வெளியே இரண்டு கால்கள் ஆடிக்கொண்டு போனால் யாரும் பொலிசுக்கு ஓடுவதில்லை. மர்சூக் பாஸ் வேலையில் இருக்கிறார் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

தகடு கூட்டுவது அவருடைய இன்னொரு பழக்கம். அந்த ஊரில் ஓடிய வண்டியெல்லாம் மிளகும் கொக்கோவும் கராம்பும் சுமந்த வண்டி. கல்யாண வீட்டுக்குப் போன கார்கூடத் திரும்பும்போது மூட்டை ஏற்றிக்கொண்டுதான் வரும். அதனால் பின்பக்கம் தாழ்ந்த எதைக் கண்டாலும் மர்சூக்குக்குப் பொறுக்காது. ஸ்பிரிங்கில் ஒரு தகட்டைக் கூடுதலாகச் செருகித் தூக்கிவிடுவார். கேட்டாலும் செருகுவார், கேட்காவிட்டாலும் செருகுவார்.

இப்படிப்பட்டவரிடம் அறுபதுகளின் தொடக்கத்தில் சிவசுப்பிரமணியத்தின் கார் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மாத்தளை கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் அந்தப் பழைய எம்.ஜி.யை வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், கம்பிச் சக்கரம், இரண்டே இரண்டு இருக்கை. மாவட்டத்திலேயே அப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேறு கிடையாது. மர்சூக்குக்கு அதன்மேல் பைத்தியம். வேலை இல்லாத நாளிலும் கச்சேரிப் பக்கம் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். "பேசாம அந்தக் காரையே நிக்காஹ் பண்ணிக்கங்க" என்பாள் அவர் மனைவி ஹிதாயா.

ஒரு நாள் சிவசுப்பிரமணியம் முகம் வாடி கராஜுக்கு வந்தார்.

"பாஸ், ரிவர்ஸ்டன் மலை ரோட்டில வளைவு வந்தால் இதின்ர பின்பக்கம் தன்பாட்டுக்கு வேற பக்கம் போகுது. வீட்டில நேசம்மாவுக்குச் சரியான பயம். விக்கச் சொல்லிக் கரைச்சல். கண்டியில ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திட்டன். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார்."

மர்சூக் காரின் மூக்கைத் தடவிக்கொடுத்தார். "ஐயா, அவசரப்படாதீங்க. வெள்ளிக்கெழமைக்கு முந்தி நான் சரியாக்கித் தாறேன்."

தரமாட்டாரா பின்னே? வேறு எல்லா வேலையையும் ஒதுக்கிவைத்தார். ஸ்பிரிங் முனையின் இறப்பரைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஷொக் அப்சோபருக்கு எண்ணெய் விட்டார். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு தனியாக எடுத்துக்கொண்டு ரத்தோட்டை வரைக்கும் ஓடிப் பார்த்தார். கார் பூனைக்குட்டி மாதிரிப் போனது. சிவசுப்பிரமணியத்தை அந்த மலை வளைவுகளில் ஓட்டவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தார்; அப்போதும் ஒன்றுமில்லை. டிக்கியில் படுத்துக் காது வைக்கலாம் என்றால் அந்தக் காருக்கு டிக்கியே கிடையாது.

"கார்ல ஒண்ணுமில்ல ஐயா. அம்மாட பயம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். வழக்கம்போல அதைத் தேத்தண்ணிக் கடையிலும் சொன்னார்.

கடைக்குப் போன பேச்சு கச்சேரிக் குவாட்டர்ஸுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலை சிவசுப்பிரமணியம் எம்.ஜி.யைக் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி நேசம்மா இறங்கினாள். உயரமும் அகலமுமாக, நாலு பேர் இருக்கிற சபையில் அவளைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்கிற மாதிரியான உடம்பு. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு கடலைச் சரை.

"எனக்குப் பயமெண்டு ஊரெல்லாம் சொன்னது நீங்களோ?"

மர்சூக் சாரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ஏறுங்கோ. எனக்குப் பயமோ, காருக்கு வருத்தமோ எண்டு இண்டைக்குப் பாப்பம்."

எங்கே ஏறுவது? இருப்பது இரண்டு இருக்கை. இருக்கைகளுக்குப் பின்னால், மழைக்கூரையை மடித்து வைக்கிற ஒரு சந்து மட்டும் இருந்தது. கூரையைக் கழற்றிக் கராஜில் போட்டுவிட்டு, மர்சூக் அந்தச் சந்துக்குள் குறுக்காகப் படுத்தார். காது தரையில், கால்கள் காருக்கு வெளியே. பஸார் முழுக்கக் கைதட்டி வழியனுப்பியது. மாரியம்மன் கோயிலடியில் பூக்காரி ஒருத்தி, "யா அல்லான்னு சொல்லிக்கங்க பாஸ்!" என்று கத்தினாள்.

ரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியது. தேயிலையும் பனியும் குளிரும். இடதுபக்கம் வளைந்த வளைவுகளில் ஒன்றுமே இல்லை. வலதுபக்கம் வளைந்த முதல் பெரிய வளைவில் மர்சூக்கின் காதுக்கு நேர்கீழே ஒரு சத்தம் கேட்டது. டொக்! உடனே காரின் பின்பக்கம் ஒரு முழம் விலகியது. அதே நேரத்தில் இன்னொரு சத்தமும் கேட்டது.

"ஐயோ முருகா!"

அது இடப்பக்க இருக்கையிலிருந்து வரவில்லை. மர்சூக் தலையைத் தூக்கி இருக்கைகளுக்கு நடுவே பார்த்தார். நேசம்மா நிம்மதியாகக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். சிவசுப்பிரமணியம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். நல்லவேளை, கார் மலைப்பக்கத்துப் புல்லில் ஏறித் தானாக நின்றது.

மர்சூக் இறங்கிக் காருக்கு அடியில் புகுந்தார். இப்போது அவருக்கு எல்லாம் விளங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடது ஸ்பிரிங்கில் விழும். அந்தப் பக்கம் அவரைப்போல ஒரு ஒல்லி இருந்தால் ஸ்பிரிங்குக்கு உறைக்காது. பாரம் இருந்தால் பின் அச்சு ஸ்பிரிங்கின்மேல் வழுக்கிப் பின்னால் போகிறது. வழுக்காமல் பிடித்துவைப்பது தகடுகளின் நடுவே போகிற ஒற்றை போல்ட். அவர் அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்திருந்த இறுக்குப்பட்டைகளைக் கழற்றினார். போல்ட் இரண்டு துண்டாக உள்ளங்கையில் விழுந்தது.

பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. கார் முதன்முதலாகக் கராஜுக்கு வந்தபோது, பின்பக்கம் தாழ்ந்துபோய்க் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு அவர்தான் ஒரு தகட்டைக் கூட்டியிருந்தார். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தாழ்வாகத்தான் இருக்கும் என்று மிளகு மூட்டைக்காரர்களின் பாஸுக்கு யார் சொல்வது? கூட்டிய தகட்டுக்குப் பழைய போல்ட் நீளம் போதவில்லை. புது போல்ட் அந்தக் காலத்தில் எங்கே கிடைத்தது? ஒரு உடைந்த மிளகுத் தராசில் கழற்றியதைப் போட்டு முடுக்கியிருந்தார்.

வெளியே வந்து நின்றார். முகமெல்லாம் கிரீஸ்.

"என்ன பாஸ்?" என்றாள் நேசம்மா. "பயந்தது ஆர்?"

மர்சூக் சிவசுப்பிரமணியத்தைப் பார்த்தார். அந்த மனிதரின் கண்கள் கெஞ்சின. உண்மையில் பயந்து விற்க நினைத்தது யார், மனைவியின் பெயரை முன்னே போட்டது யார் என்பதெல்லாம் அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. தேத்தண்ணிக் கடைக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான செய்தி. மர்சூக்குக்கு நாக்கு துடித்தது. ஆனால் இதைச் சொன்னால் வெட்கத்திலேயே மனிதர் காரைக் கண்டிக்கு அனுப்பிவிடுவார்.

"இந்த போல்ட்டோட ஓட்டினா எந்த ஆம்பளையும் பயப்படத்தான் வேணும்மா" என்றார். "பயப்படாதவன் மடையன். ஐயா இத்தன நாள் இதப் புடிச்சு ஓட்டினதே பெரிசு. குத்தம் என்னோடது. கேக்காமலே தகடு கூட்டி, தராசு போல்ட்டப் போட்டவன் நான்தான். அம்மா சொன்னதுதான் சரி. நான் கடையில சொன்னது பொய்."

அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. இனி இந்தக் காரைத் தொடவே விடமாட்டார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. சிவசுப்பிரமணியம் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப, போல்ட் மாத்தினால் சரியோ?"

"கூட்டின தகட்டையும் எடுத்திடுவேன் ஐயா. தொரை ஓட்டின மாதிரியே ஓடும்."

"எண்டால் கண்டிக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்" என்றார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்து, "உமக்குச் சம்மதமெண்டால்..." என்று இழுத்தார்.

"விக்கச் சொன்னது நானோ? எப்ப சொன்னன்?" என்றாள் நேசம்மா. புருஷன் காதுவரை சிவந்து தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குப் போதுமாக இருந்தது; அதற்குமேல் துருவவில்லை.

ஆனால் மர்சூக்கை விடவில்லை. "உங்களோட ஓடேக்க வராத சத்தம் என்னோட ஓடேக்க மட்டும் ஏன் வந்தது?"

பாரம் என்கிற சொல்லை ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் கச்சேரி ஐயாவின் மனைவியிடம், எப்படிச் சொல்வது? "அதும்மா... எடப்பக்கம்... ஆள்... கொஞ்சம்..." என்று மர்சூக் வானத்தையும் மலையையும் பார்த்தார். சிவசுப்பிரமணியம் உதவிக்கு வரவில்லை.

நேசம்மா மிச்சக் கடலையை அவர் கையில் கொட்டினாள்.

"நல்ல மொத்தமான போல்ட்டாப் பாத்துப் போடுங்கோ, பாஸ். நான் மெலியிறதா இல்லை."